பரவாயில்லை, டாக்டர்

பரவாயில்லை டாக்டர் என்று வாய் சொல்லிவிட்டது. செண்பகவல்லி சொல்லவில்லை, அந்தப் பாழாய்ப்போன வாய்தான் சொன்னது. சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல மூடியும் கொண்டது. எதிரே டாக்டர் ஆக்னஸ் நீட்டிப் பிடித்திருந்த நீலப் பேனா இரண்டாகத் தெரிந்துகொண்டிருந்தது, ஒன்று நேராக, இன்னொன்று அதன்மேல் சாய்ந்தாற்போல. ஆக்னஸின் முகக்கவசத்துக்கு மேலே நாலு புருவம். முந்தின நாள் இதே ஆக்னஸ் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பொருள் ரெண்டாத் தெரிஞ்சா அந்த நிமிஷமே சொல்லிடணும், கண்ணை அசைக்கிற நரம்பு பக்கத்துலதான் போகுது, கரண்டு அதுல பட்டா நாங்க கம்பியை இடம் மாத்தணும் என்று மூன்று முறை சொல்லியிருந்தார். மூன்று முறையும் இவள் சரி சரி என்று தலையாட்டியிருந்தாள். இப்போது, கண்ணுல ஏதாவது வித்தியாசம் தெரியுதாம்மா என்று கேட்கிறபோது இந்தக் கூத்து. ஆக்னஸ் பின்பக்கம் பார்த்து, ரெண்டு வோல்ட்ல தொந்தரவு இல்ல சார் என்றார். கரண்டை நிறுத்தினார்கள். இரண்டு பேனாவும் ஒன்றுக்குள் ஒன்று போய் ஒரே பேனா ஆனது. தலைக்குப் பின்னாலிருந்து டாக்டர் இனாயத்துல்லாவின் குரல், அப்ப இந்த இடத்துலேயே நிறுத்திடலாம், எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துப் பார்த்துட்டு இறுக்கிடுவோம் என்றது. எக்ஸ்ரே மெஷின் பக்கத்து தியேட்டரில் இருந்ததாம், வரப் பத்து நிமிஷம் ஆகுமாம். அந்தப் பத்து நிமிஷம்தான் செண்பகவல்லியின் கையில் இருந்தது.

தலை அவள் கையில் இல்லை. காலை ஏழு மணிக்கே எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளாமல் மொட்டை போட்டாயிற்று. மரத்துப்போகிற ஊசியை நாலு இடத்தில் போட்டு, நாலு திருகாணியால் ஒரு சட்டத்தை மண்டையில் முடுக்கி, அந்தச் சட்டத்தை மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். கண்ணும் வாயும் கைகாலும் மட்டும்தான் அவளுக்கு மிச்சம். கம்பி இறக்குற நேரத்துக்கு மயக்க மருந்து கிடையாது, நீங்க முழிச்சிருந்து பேசணும் என்று போன மாதம் சொன்னபோது அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். தலைக்குள் கரண்டு என்றதும் மனுஷருக்குத் தொழில் புத்தி வந்து, எத்தனை வோல்ட்டு என்று கேட்டார். ரெண்டு, மூணு, அதுக்குள்ளதான் என்றார் இனாயத்துல்லா. பதினோராயிரம் வோல்ட் லைன் பார்க்கிற ஆளு நான், ரெண்டு வோல்ட்டு எந்த மூலைக்கு டாக்டர் என்று இவர் கேட்க, இந்த மூளைக்குப் போதும் என்று அவர் சொல்ல, செண்பகவல்லி பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள். சட்டைப் பொத்தான் அளவுக்கு மண்டையில் ஒரு துளை, அது வழியாக ஊசிக் கனத்தில் ஒரு கம்பி, அதன் நுனி மூளையின் அடியில் பட்டாணி அளவு ஓர் இடத்தில் போய் நிற்கும். நேரம் பார்த்து வலியைத் தட்டி எழுப்புகிற இடம் அதுவாம். கம்பியின் மறுமுனை காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே நெஞ்சில் பதித்து வைக்கிற ஒரு சின்ன பேட்டரியில் சேரும். அது இராப்பகலாக மெல்லக் கரண்டு விட்டு அந்த இடத்தை அடக்கி வைத்திருக்கும். பவர் கட் ஆனா என்ன செய்ய என்று ஆவுடையப்பன் கேட்டாரே, அதற்கும் அந்த மனுஷர் கோபப்படாமல் பதில் சொன்னார். பத்துப் பேர்ல ஆறேழு பேருக்கு நல்லாக் கேக்குது, சிலருக்குக் கேக்கல, ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல, கேட்டாலும் அன்னைக்கே தெரியாது, வாரக்கணக்குல ஆகும் என்றார். ரத்தக் கசிவு வரலாம் என்பதையும் ஒளிக்கவில்லை. அந்த ஒளிக்காத பேச்சுதான் செண்பகவல்லிக்குப் பிடித்தது. கட்டாயம் கேட்கும் என்று சத்தியம் செய்தவர்களைத்தான் அவள் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளே.

பதினோரு வருஷம். அதற்குக் கொத்துத் தலைவலி என்று பெயர் இருப்பதே ஒன்பதாம் வருஷத்தில்தான் தெரிந்தது. கொத்துக் கொத்தாக வருவதால் அந்தப் பெயராம். செண்பகவல்லிக்கோ அது வலக்கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து கொத்துவதால் வைத்த பெயராகத்தான் பட்டது. பகலில் ஒன்று இருபதுக்கு வரும், அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். அப்புறம் இன்னும் ஐந்து தடவை, ஏழு தடவை, அதன் இஷ்டம். கண் சிவந்து நீராக ஊற்றும், இமை தொங்கும், ஒருபக்க மூக்கு மட்டும் ஒழுகும், அதன்பிறகு வருகிறதைச் சொல்ல அவளிடம் வார்த்தை கிடையாது. பிள்ளை பெற்ற வலியை இதன் பக்கத்தில் வைத்தால் அது தூசு. படுக்க முடியாது, உட்கார முடியாது, எழுந்து நடக்க வேண்டும், சுவரில் முட்ட வேண்டும். சைனஸ் என்றார்கள். கண்ணாடி போடச் சொன்னார்கள். மனசுல எதையாவது போட்டு வச்சிருக்கியா என்று கேட்டார்கள். ஒரு பல் டாக்டர், தங்கமான மனுஷர், மேல்வரிசைக் கடைவாய்ப்பல்தான் காரணம் என்று பிடுங்கினார். வேர் முறிந்துபோய் முக்கால் மணி நேரம் வேர்த்து விறுவிறுத்துப் போராடிவிட்டார் பாவம். ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கு என்று கேட்டார். அவர் பட்ட பாடு கண்முன்னால் நிற்கிறது, ஒண்ணும் கேக்கல என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பரவாயில்லை டாக்டர் என்றாள். அப்படின்னா சரியான வழியிலதான் போறோம் என்று அவர் சந்தோஷமாக அடுத்த பல்லைப் பிடுங்கினார். அதற்கும் பரவாயில்லை. மூன்றாவதையும் பிடுங்கினார். ஒரு சொல்லுக்கு மூன்று நல்ல பல். அந்த வருஷத்தில்தான் ஒரு நாள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள், எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே வந்த ஆவுடையப்பன் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தார். மறுநாள் மாடிக்கதவுக்குப் பூட்டு வந்தது, சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

அவள் ஊரான கோவில்பட்டியில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. காலை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறவனிடம் பரவாயில்லை. கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாரைப் போட்டுவிட்டு எப்படி இருக்கு என்கிறவரிடம் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் கிடக்கிறவரைப் பார்த்துவிட்டு வருகிறவரும் பரவாயில்லை என்பார், கிடக்கிறவரும் பரவாயில்லை என்பார், இரண்டு நாளில் ஆள் போய்ச் சேர்ந்திருப்பார். நல்லா இருக்கிறது என்றா அர்த்தம், மோசம் இல்லை என்றா, சரி விடு என்றா, இல்லை, இதைப்பற்றி இனிமேல் என்னிடம் கேட்காதே என்றா? எல்லாம்தான். எல்லாமாகவும் இருப்பதால்தான் அது வாய்க்கு இவ்வளவு வசதி. எதிரில் நிற்பவர் முகம் வாடாது, நம் மரியாதையும் போகாது. செண்பகவல்லியின் அம்மா செத்தபோது துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட அவள் அதைத்தான் சொன்னாள், சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாய்க்கு என்ன, அது பாட்டுக்குச் சொல்லும். ஆனால் இப்போது அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஒரு கம்பியை அவள் தலைக்குள் ஓரிடத்தில் இறுக்கப் போகிறார்கள், ஆயுசுக்கும் அங்கேயே இருக்கிறதுபோல. சொல், செண்பகம், சொல்லித் தொலை. சொல்ல வாய் வந்தால்தானே.

ஆக்னஸ் அவள் முகத்துக்கு நேரே சின்ன ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார், பச்சைத் துணிக் கூடாரத்துக்குள் தலையை நீட்டிக்கொண்டு. நாலு மணி நேரமாக அந்தக் குனிந்த உட்காரல். எழுந்தால் இடுப்பு நிமிராது. இந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. நாகர்கோவில்காரர், பேச்சில் அந்த ராகம் இன்னும் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் இந்த ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போதே ஒன்று இருபது அடித்துவிட்டது. செண்பகவல்லி தரையில் உருண்டாள். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்கிற வெட்கம்கூட வரவில்லை. ஆக்னஸ் வந்தார். வந்தவர், பொறுத்துக்கோங்கம்மா என்று சொல்லவில்லை. தண்ணீர் தெளிக்கவில்லை. தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, ஆக்சிஜன் கொண்டுவரச் சொல்லிவிட்டு, எந்த விரலால கண்ணை அமுக்குறீங்க, அமுக்குனா குறையுதா, எந்த மூக்கு ஒழுகுது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முப்பத்தெட்டு நிமிஷம். வலி போனதும் கண்ணைத் துடைத்துவிட்டு, இது உங்க கற்பனை இல்ல, இதுக்குப் பேர் இருக்கு என்றார். ஒன்பது வருஷமாக அவளை யாரும் நம்பவில்லை, கட்டின புருஷன்கூட இடையில் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டார். இந்தப் பெண் தரையில் உட்கார்ந்து நம்பியது. அன்றைக்கு அவர் மேல் வந்த மாதிரி ஒரு பிரியம் செண்பகவல்லிக்குத் தன் மகள் மேல்கூட வந்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் போய் நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர் என்று சொல்வதா? அந்த நாலு புருவமும், சேச்சே, இரண்டு புருவமும் சுருங்கினால் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியுமா? தலையைத் திருப்பிக்கொள்ளக்கூட வழியில்லை.

இனாயத்துல்லாவை இந்த மேஜையில் படுத்ததிலிருந்து அவள் பார்க்கவில்லை, குரல்தான். ஆம்பூர்க்காரர். வீட்டில் உருது, நோயாளிகளிடம் தமிழ், யாரிடமும் நாலு வார்த்தைக்குமேல் கிடையாது. முதல் தடவை போனபோது ஆபரேஷன் வேண்டாம், இன்னும் ரெண்டு மருந்து மிச்சமிருக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார். அது முடிந்து மறுபடி போனபோதும் ஒரு மருந்து மிச்சமிருந்தது. பதினோரு மாதம் இழுத்தடித்தார். அப்போது செண்பகவல்லி அவரைத் திட்டாத திட்டில்லை. இப்போது தோன்றுகிறது, கத்தியை எடுக்க இவ்வளவு யோசிக்கிற ஆளிடம்தான் தலையைக் கொடுக்கலாம் என்று. துளை போடும்போது பல்லெல்லாம் அதிர்ந்தது, கான்கிரீட்டில் துளைக்கிற அதே சத்தம் காதுக்கு உள்பக்கமிருந்து. ஆயிடுச்சும்மா, இனிமே வலிக்காது, மூளைக்கு வலி தெரியாது என்றார். உடம்பு பூராவின் வலியையும் கணக்குப் பார்க்கிற மூளைக்குத் தன்னுடைய வலி தெரியாதாம், என்ன நியாயமோ. அப்புறம் ஒரு மெல்லிய கம்பியை இறக்கி ஸ்பீக்கரைப் போட்டார்கள், அப்பளம் பொரிகிறதுபோல ஒரு சத்தம். இது என்ன டாக்டர் என்றாள். உங்க மூளைதான், பேசிட்டு இருக்கு என்றார் ஆக்னஸ். தன் மூளை பேசுவதைத் தன் காதால் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று அந்தக் குரல் எண்ணிக்கொண்டே இறங்கியது. அரை மில்லிமீட்டர் என்றால் கடுகில் பாதிகூட இல்லை. ஐந்து மணி நேரமாக நிற்கிறார். தண்ணீர் குடிக்கவில்லை, உட்காரவில்லை, ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. தொடங்குவதற்கு முன்னால் அவர் அவளிடம் சொன்ன நாலு வார்த்தை இதுதான்: நான் பார்க்கிறது படம்மா. உள்ள நடக்கிறதைப் பார்க்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்.

எக்ஸ்ரே மெஷினின் சக்கரம் வராந்தாவில் கடகடத்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம் ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் என்றது. அதுதான் அவளை இன்னும் அவசரப்படுத்தியது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மரியாதை மட்டுமா, பயமும்தான். ஒன்று இருபதுக்கு அது வந்தால்? நடக்க முடியாது, முட்ட முடியாது, தலை மேஜையோடு பூட்டிக் கிடக்கிறது. ஆக்சிஜன் தயாரா இருக்கு, ஊசி தயாரா இருக்கு என்று ஆக்னஸ் காலையிலேயே சொல்லியிருந்தார். இருந்தாலும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று உடம்பு பறந்தது. இப்போது கம்பியை இடம் மாற்றுங்கள் என்றால் இன்னும் ஒரு மணி நேரம். மறுபடி ஒரு தரம் மூளைக்குள் இறங்க வேண்டும், ஒவ்வொரு தரமும் இறங்குவது ஆபத்துதான் என்று இனாயத்துல்லாவே சொல்லியிருக்கிறார். ரத்தக் கசிவு வந்துவிட்டால் இவள் வாயால் வந்த வினை. அப்புறம், இப்போது ஒன்றாகத்தானே தெரிகிறது? கரண்டு விட்டால்தானே இரண்டு. கொஞ்சமாக விடச் சொன்னால் ஆயிற்று. கொஞ்சமாக விட்டால் வலி அடங்காது, அதையும் ஆக்னஸ் சொல்லியிருந்தார், மூணு வரைக்குமாவது ஏத்த வேண்டியிருக்கும் என்று. ரெண்டிலேயே இரண்டாகத் தெரிந்தால் மூன்றில்? வலியா, கண்ணா? தெரிந்தே அந்தக் கேள்விக்குள் போய் உட்காரப் போகிறாளா? செண்பகவல்லிக்கு வேலையே கண்தான். அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மலேரியாக் கிருமியோ காசநோய்க் கிருமியோ அவளுக்குத் தப்பாது. ஒன்றை இரண்டென்று எண்ணுகிறவள் அங்கே எதற்கு?

அந்த லேபில் தினமும் காலை ஏழரைக்கு அவள் போடுகிற சண்டை ஊரறிந்தது. சர்க்கரை பார்க்க வரிசையில் நிற்பவர்களிடம், வெறும் வயித்துல வந்தீங்களா என்று கேட்பாள். ஆமா என்பார்கள். ஒண்ணும் சாப்பிடலையே? இல்லம்மா, டீ மட்டும்தான். சீனி போட்டா? ஆமா, ஆனா கொஞ்சம்தான். டீ எப்படிச் சாப்பாட்டுக் கணக்கில் வரும் என்று அவர்கள் நிஜமாகவே ஆச்சரியப்படுவார்கள். ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று சாதித்தார், மீசையில் தேங்காய்ச் சட்டினி. செண்பகவல்லி வெளுத்துக் கட்டிவிட்டாள். நீங்க சொல்லுறதைத்தான் சார் நான் மேலே எழுதுவேன், டாக்டர் அதைப் பார்த்துதான் மருந்தை ஏத்துவார் இறக்குவார், உங்க பொய்யை உங்க உடம்புதான் சுமக்கணும் என்றாள். பாவம், அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு, இல்லம்மா, நீ மூஞ்சியைக் காட்டுவேன்னுதான் என்றார். அவருக்கு அவளிடம் பயம். அவளுக்கு ஆக்னஸிடம் பயம். பயம்கூட இல்லை, அவர்கள் முகம் வாடக்கூடாது என்கிற அந்த நினைப்பு. ஐந்து மணி நேரம் நின்றவருக்குக் கொடுக்க அவளிடம் வேறு என்ன இருக்கிறது, பரவாயில்லை என்கிற சொல்லைத் தவிர? அட, கிறுக்கி. அவர் அதற்கா நின்றார்? அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக இறங்கியவருக்கு நீ கொடுக்கிறது இதுவா? வலிக்கப்போவது உனக்கென்றால் சரி, உன் தலைவிதி. அந்த மனுஷருடைய இத்தனை மணி நேர வேலை முழுக்கத் தப்பான ஓரிடத்தில் போய் உட்காருமே. அப்படி நினைத்ததும்தான் அவளுக்குத் தாங்கவில்லை. மெஷின் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. தலைக்குப் பின்னால் கையுறை மாற்றுகிற சத்தம். செண்பகவல்லி வாயைத் திறந்தாள்.

"டாக்டர்," என்றாள். "நான் பரவாயில்லைன்னு சொன்னேன்லா. அப்படி இல்ல. பரவா இருக்கு."

அப்படி ஒரு தமிழை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. ஆக்னஸின் புருவம் இரண்டும் மேலே போயின. செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு மளமளவென்று கொட்டிவிட்டாள், பேனா ரெண்டாத் தெரிஞ்சது, உங்க புருவம் நாலு, கேட்டப்பவே தெரிஞ்சது, வாயில வேற வந்துட்டு, தப்பா எடுத்துக்காதீங்க என்று. கோபம் வரப்போகிறது என்று அவள் திருகாணிகளுக்கு நடுவே தன்னைக் குறுக்கிக்கொண்டாள். ஆக்னஸ் கோபப்படவில்லை, அவர் கண்ணில் இருந்தது வேறு, தன்மேலேயே ஒரு வருத்தம்போல. நான் வேற மாதிரி கேட்டிருக்கணும், எத்தனை பேனான்னு கேட்டிருக்கணும் என்று மெதுவாகச் சொன்னார்.

"எங்க வீட்டுப் பேச்சுல பர்வான்னா கவலை," என்றார் இனாயத்துல்லா. "உங்களுக்குக் கவலை இருந்தா அது எனக்குத் தெரிஞ்சே ஆகணும்மா. நல்லவேளை சொன்னீங்க."

நாலு வார்த்தைக்கு மேலேயே பேசிவிட்டார். எக்ஸ்ரே மெஷினை ஓரமாக நிறுத்தச் சொன்னார். மறுபடி ரெண்டு வோல்ட் விட்டுப் பார்த்தார்கள், எத்தனை பேனா என்று கேட்டார் ஆக்னஸ், ரெண்டு என்றாள், எது உசரம், எது சாய்ஞ்சிருக்கு என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கம்பியை வெளியே எடுத்தார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி, வேறு வழியாக, மறுபடி அந்த எண்ணிக்கை ஆரம்பமானது. கேட்டால் நம்ப மாட்டீர்கள், முதல் தடவை எண்ணியபோது இருந்த அதே நிதானம், ஒரு மயிரிழை எரிச்சல் இல்லை அந்தக் குரலில். ஐந்து மணி நேரம் நின்ற மனுஷர் முதல் அடியிலிருந்து ஆரம்பிக்கிறார், ஒரு லேப்காரியின் பேச்சை நம்பி. தன் பேச்சுக்கு இவ்வளவு எடை உண்டென்று செண்பகவல்லிக்கு இதுநாள்வரை தெரியாது, வீட்டில் மிளகாய் வாங்கச் சொன்னாலே இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஒன்று இருபது வந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், ஆக்னஸ் அவள் வலக்கண்ணைப் பார்த்தார். ஒன்று இருபத்தைந்து. ஒன்று முப்பத்தைந்து. ஒன்றும் வரவில்லை. சில நாள் வராமலும் போறதுதானே, இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது என்று ஆக்னஸே சொன்னார், சொல்லும்போது குரலை ரொம்பக் கட்டுப்படுத்திக்கொண்டுதான் சொன்னார். சரி டாக்டர் என்றாள் இவளும். மனசு மட்டும் கேட்கவில்லை. வலி இல்லாத ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு ஃபேனுக்குக் கீழே படுத்து, ஒன்றேகாலுக்குப் பயந்து எழுந்து உட்காராமல் அப்படியே தூங்கிப்போவது. அவ்வளவுதான் அவள் கேட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. அதை நினைத்ததற்கே கண்ணில் நீர் வந்துவிட்டது, இடக்கண்ணிலும் சேர்த்து வந்தது, வலியின் நீர் என்றால் வலக்கண்ணில் மட்டும்தான் வரும்.

அரை, போதும் என்றது குரல். ஆக்னஸ் பஞ்சால் அவள் கண் இரண்டையும் ஒற்றி எடுத்துவிட்டு, அதே நீலப் பேனாவை நீட்டினார். ஒரு வோல்ட். ஒன்றரை. ரெண்டு. நெஞ்சுக்குள் ஒரு சின்ன நடுக்கம் வந்து, வந்த வழியே போனது, அதையும் சொன்னாள், ஆக்னஸ் எழுதிக்கொண்டார். ரெண்டரை. மூணு. எத்தனை பேனா, எப்படி இருக்கும்மா என்று கேட்டார் ஆக்னஸ். வாய் தயாராகத்தான் இருந்தது. நாற்பத்தாறு வருஷப் பழக்கம், ஒரே நாளில் எங்கே போகும்? பகரம் உதட்டுக்கே வந்துவிட்டது, செண்பகவல்லி உதட்டைக் கடித்து அதை உள்ளேயே வைத்துக்கொண்டாள். பிறகு, பிறந்ததிலிருந்து எந்த டாக்டரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர். பாத்துச் சொல்லுதேன்."

பொறுத்தார்கள். டிராலியைத் தள்ளிக்கொண்டிருந்த நர்ஸ் அப்படியே நின்றார். எக்ஸ்ரேக்காரர் சுவரில் சாய்ந்தவர் நிமிர்ந்தார். செண்பகவல்லி இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பார்த்தாள், வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தாள், பிறகு இரண்டையும் திறந்தாள். பேனாவை இடது ஓரத்துக்குக் கொண்டுபோங்க என்றாள். ஆக்னஸ் கொண்டுபோனார். மேலே என்றாள். மேலே போனது. இப்போது கீழே, இன்னும் கொஞ்சம் கீழே, அங்கேயே பிடிங்க. பின்னாலிருந்து, அவசரமே இல்லம்மா, நீங்க பாருங்க என்றது அந்தக் குரல். தெரியும் டாக்டர் என்றாள் அவள், பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.